கம்ப்யூட்டரில் ஒண்டுக்குடித்தனம்

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் ஒரு காலத்தில் ஒண்டுக்குடித்தனம் இல்லாத வீடு அபூர்வம். வாசலில் ஒரு கதவு. உள்ளே ரேழி, முற்றம், கூடம். கூடத்தைச் சுற்றி எட்டுக் குடித்தனம். கிணறு ஒன்று, குழாய் ஒன்று, மின்சார மீட்டரும் ஒன்றுதான். அந்த ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் போடும் கணக்கு மட்டும் எட்டு விதமாயிருக்கும். அந்த வீடுகளில் பெரும்பாலானவை இப்போது அடுக்குமாடிகளாகி, வாசலில் வாட்ச்மேனும் வந்துவிட்டான். ஒண்டுக்குடித்தனம் என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம் என்றே நான் எண்ணியிருந்தேன். ஆனால் பாருங்கள், அந்த ஏற்பாடு அழிந்துவிடவில்லை. கம்ப்யூட்டருக்குள் ஜாகை மாறிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு கம்ப்யூட்டருக்குள்ளே இன்னொரு கம்ப்யூட்டரைக் குடிவைக்கலாம் என்று எனக்குச் சொன்னவள் என் தங்கையின் பேத்தி. அடையாற்றில் இருக்கிறாள், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் உத்தியோகம். அவர்கள் பாஷையில் இதற்கு ‘வர்ச்சுவல் மெஷின்’ என்று பெயர். ‘மெய்நிகர் கணினி’ என்று தமிழாக்கியிருக்கிறார்கள். மெய் அல்ல, ஆனால் மெய்க்கு நிகர். நாவல் எழுதிப் பிழைப்பவனுக்கு இந்த வார்த்தை பிடிக்காமல் போகுமா?

எனக்கு அது எதற்குத் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1997ல் என் நாவல் ஒன்று புத்தகமாக வந்தது. நான் எழுதியது 33 அத்தியாயம். அச்சில் வந்தது 31. 16 பக்கம் கொண்ட ஃபாரம் 20க்கு மேல் போனால் விலை கட்டாது என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். எந்தப் பதிப்பகம் என்று கேட்காதீர்கள். அவர்கள் பக்கத்திலும் காகித விலை என்று ஒரு நியாயம் இருந்தது. ஒண்டுக்குடித்தன வீட்டில் கிணற்றுக்குத் தூர் எடுத்த ஒரே ஒரு நாளைப் பற்றிய 17, 18ஆம் அத்தியாயங்கள் வெளியே போயின. கையெழுத்துப் பிரதிதான் இருக்கிறதே என்று நானும் பேசாமல் இருந்தேன். அந்தப் பிரதி கோட்டூர்புரத்தில் என் தமையனார் வீட்டுக் கீழ்த்தளத்தில், ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தது. 2015 டிசம்பரில் அடையாறு அந்த வீட்டுக்குள் எவ்வளவு உயரம் வந்தது என்பதைச் சென்னைவாசிகளுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்ததைக் காகிதம் என்று சொல்ல முடியாது. கூழ்.

இப்போது வேறொரு பதிப்பாளர், இளைஞர், நாவலை மறுபடி போடுகிறேன் என்று வந்தார். “விட்டுப்போன இரண்டையும் சேர்த்து முழுசாகப் போடலாமே சார்” என்றார். உலகத்தில் அந்த இரண்டு அத்தியாயங்களும் மிஞ்சியிருந்த இடம் ஒன்றே ஒன்று: ஒரு சி.டி.

கச்சேரி ரோடிலிருந்து பிரியும் ஒரு சந்தில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தவர் கொடுத்த சி.டி. அது. என் கோழிக்கிறுக்கலைப் படித்துப் பிழையில்லாமல் கம்போஸ் செய்யத் தெரிந்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். 2003ல் கடையை மூடும்போது, வேலை கொடுத்தவர்கள் எல்லாருடைய ஃபைல்களையும் தனித்தனி சி.டி.யில் போட்டு, அவரவர் பெயரைத் தம் முத்து முத்தான எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அவர் இப்போது இல்லை.

சி.டி. படித்தது, அதுவே பாதி பாக்கியம். ஆனால் ஃபைல்கள் திறக்க மறுத்தன. அவை பேஜ்மேக்கர் ஃபைல்கள். 1985ல் ஆல்டஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்த மென்பொருள் பேஜ்மேக்கர். 1994ல் அது அடோபியின் கைக்குப் போயிற்று. தமிழ்நாட்டில் ஈயத்தில் அச்சுக் கோத்த தலைமுறைக்குப் பிறகு, கல்யாணப் பத்திரிகை முதல் கம்பராமாயணம் வரை சகலத்தையும் வடிவமைத்தது அதுதான். 2001ல் வந்த ஏழாம் பதிப்போடு அதன் வம்சம் முடிந்தது. அடுத்துப் பட்டத்துக்கு வந்த இன்டிசைன் சில பதிப்புகள் வரை பழைய ஃபைல்களைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தது. பிறகு அந்த மரியாதையையும் விட்டுவிட்டது.

தியாகராய நகரில் ஒரு கடைக்குப் போனேன். ஃபைலை எப்படியோ உடைத்து, உள்ளேயிருந்த எழுத்தை வெளியே கொட்டி, காசையும் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். பார்த்தால் ஒரே இங்கிலீஷ் எழுத்து. அதற்கும் அர்த்தம் கிடையாது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் இங்கிலீஷ் எழுத்தின் ஸ்தானத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்காரவைத்து வேலை செய்தவை. பாமினி என்ற பிரசித்தமான எழுத்துருவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ‘அம்மா’ என்பது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மாவும் போய்விடுவாள். கடைக்குக் கடை எழுத்துரு வேறு, உள்ளே இருக்கும் கணக்கும் வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூட்டி, ‘டாம்’, ‘டாப்’ என்று இரண்டு முறைகளை வகுத்தார்கள். 2010ல் தமிழக அரசு யூனிகோடுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் கம்போஸ் ஆன தமிழெல்லாம் அவரவர் எழுத்துருவின் பூட்டுக்குள் கிடக்கிறது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய் ஏடு தேடி அலைந்து, 1887ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். ஏட்டுக்குக் கறையான்தான் எதிரி. கண்ணும் பொறுமையும் படிப்பும் இருந்தால் படித்துவிடலாம். அதற்குள்ளே நுழைய இன்னொரு யந்திரம் வேண்டியதில்லை.

தங்கையின் பேத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். விஷயத்தைக் கேட்டாள்; அதிலே அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

“ஃபைலை இங்கே இழுத்துண்டு வரத்துக்கு ஏன் தாத்தா அவஸ்தைப்படறேள்? அது எந்த வீட்டிலே இருந்ததோ, அந்த வீட்டையே இங்கே கட்டிடலாம்.”

வீடு என்பது விண்டோஸ் எக்ஸ்.பி. 2003ல் பில் போட்டு நான் வாங்கிய சி.டி.யும், அதன் உறையில் ஒட்டிய சாவி எண்ணும் பீரோவில் இருந்தன. டி.டி.பி.காரர் வீட்டுக்குச் சொல்லியனுப்பினோம்; அந்த அம்மாள் ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பினாள். அதில் அவர் விலை கொடுத்து வாங்கிய பேஜ்மேக்கர் ஏழாம் பதிப்பு. அக்காலத்து டி.டி.பி. உலகம் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். விலை கொடுத்து வாங்கிய பேஜ்மேக்கர்!

குடிவைக்கும் படலம் தொடங்கிற்று. முதலில் வீட்டுக்காரரை, அதாவது என் லாப்டாப்பை, சம்மதிக்கவைக்க வேண்டும். இப்படிக் குடிவைப்பதற்கென்றே கம்ப்யூட்டரின் மூளையில் ஒரு வசதியை இன்டெல் 2005லும் ஏ.எம்.டி. 2006லும் சேர்த்தன. பல யந்திரங்களில் அதை அணைத்தே வைத்து விற்கிறார்கள். லாப்டாப் கண் விழிக்கும்போதே ஒரு பொத்தானை அழுத்தி, நீல நிறமான ஒரு பக்கத்துக்குள் போய் அவள் அதை ஏற்றிவிட்டாள். பிறகு வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளை இறக்கினாள். ஜெர்மனியில் இன்னோடெக் என்ற கம்பெனி செய்தது. 2008ல் சன் வாங்கிற்று. 2010ல் அந்த சன்னையே ஆரக்கிள் வாங்கிற்று. இத்தனை கை மாறியும் அதன் மூலப் பொட்டலம் இன்னும் இனாம்.

“ரேம் எவ்வளவு கொடுக்கலாம்?” என்று கேட்டாள். என் லாப்டாப்பில் இருப்பது 8 ஜி.பி.

“பாதியைக் கொடுத்துவிடேன். வந்தவன் சௌகரியமாக இருக்கட்டும்.”

“வேண்டாம். அவன் கண்ணை மூடற வரைக்கும் அது உங்களுக்குத் திரும்பி வராது. எக்ஸ்.பி. வந்தப்போ 128 எம்.பி. இருந்தாலே நன்னா ஓடும்னு மைக்ரோசாஃப்டே சொல்லித்து. 1 ஜி.பி. கொடுத்தா ராஜா மாதிரி இருப்பான்.”

இங்கேதான் இந்த ஒண்டுக்குடித்தனம் மயிலாப்பூர் ஒண்டுக்குடித்தனத்திலிருந்து வேறுபடுகிறது. நம் வீடுகளில் அடுத்த குடித்தனத்தின் தாளிப்பு வாசனை முதல் தாம்பத்தியச் சண்டை வரை நமக்குப் பங்கு உண்டு. கம்ப்யூட்டரில் குடிவந்தவனுக்கோ, தான் குடியிருக்கிறோம் என்பதே தெரியாது. கொடுத்த 1 ஜி.பி.தான் உலகத்து ரேம் முழுவதும் என்று நினைத்துக்கொள்வான். தனி பங்களாவில் தனி மனிதனாக வாழ்வதாக அவனுக்கு எண்ணம். சுவரே தெரியாதபடி சுவர் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது வட்டு. 10 ஜி.பி. என்று எழுதினாள். ஆனால் லாப்டாப்பில் அது அத்தனை இடத்தையும் உடனே பிடித்துக்கொள்ளவில்லை. உள்ளே சாமான் சேரச் சேரத்தான் வளர்கிறது. கல்யாணத்தில் எழுதிக்கொடுக்கும் சீர்வரிசை மாதிரி: காகிதத்தில் பத்து, வந்து சேர்ந்தது இரண்டு. ஒரு வித்தியாசம், உள்ளே சாமானை அழித்தாலும் வளர்ந்த வட்டு தானாக இளைப்பதில்லை. அந்த வட்டை எந்த வழியாக இணைப்பது என்று ஒரு கேள்வி வந்தது. இந்தக் காலத்து சாட்டா வழி எக்ஸ்.பி.க்குத் தெரியாது, பழைய ஐ.டி.இ. வழி என்று சொன்னால்தான் நிறுவும்போது தடுமாறாமல் நடக்கும். கிராமத்திலிருந்து வரும் பெரியவரிடம் மெட்ரோ ரெயிலுக்கு வழி சொல்லாமல் பஸ் நம்பரைச் சொல்வதில்லையா, அப்படி.

லாப்டாப்பில் சி.டி. போடும் வாயே கிடையாது. அவள் அலுவலகத்து நண்பனிடம் ஒரு வெளி டிரைவ் இரவல் வாங்கி, சி.டி.யை அப்படியே ஒற்றைப் பிம்பமாக எடுத்து, அந்தப் பிம்பத்தைப் புது வீட்டின் வாயில் வைத்தாள். எக்ஸ்.பி. தான் உண்மையான சி.டி.யிலிருந்து பிறப்பதாகவே நம்பிப் பிறந்தது. முக்கால் மணி நேரத்துக்குள், திரைக்குள் ஒரு திரையில், அந்தப் பச்சை மேடும் நீல வானமும் வந்து நின்றன.

வாசற்கதவைப் பற்றி அவள் கண்டிப்பாக இருந்தாள். எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் செய்துவந்த சிசுருஷை 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அதை இன்டர்நெட்டில் விடுவது, தொண்ணூறு வயதுக் கிழவரை ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முதல் நாள் தனியாக விடுவதற்கு ஒப்பாகும். ஆகவே வலைத் தொடர்பு கிடையாது என்று அமைப்பிலேயே அறுத்துவிட்டாள். சாமான் எப்படிப் போய்வருவது? நடுச்சுவரில் ஒரு மாடம். ‘ஷேர்டு ஃபோல்டர்’ என்கிறார்கள். இந்தப் பக்கத்திலிருந்து வைத்தால் அந்தப் பக்கத்தில் எடுக்கலாம். இதற்கு விருந்தாளிக்குள் ஒரு சிறு துணை மென்பொருளையும் நிறுவ வேண்டும். மூல ஃபைல்கள் இருந்த மாடத்தை, படிக்கலாம் ஆனால் கை வைக்கக்கூடாது என்று அடைத்துவிட்டாள். திருத்தியதைப் போட வேறு மாடம்.

பேஜ்மேக்கரைப் போடுவதற்கு முன் ‘ஸ்நாப்ஷாட்’ எடுத்தாள். எனக்கு விளக்குவதற்காக, எக்ஸ்.பி.யின் உள்ளே எதையோ வேண்டுமென்றே அழித்தாள். அது செத்துப்போயிற்று. ஒரு பொத்தானை அழுத்தினாள்; எழுந்து உட்கார்ந்து, கொலை நடந்த ஞாபகமே இல்லாமல் சிரித்தது. வாசகர் கடிதங்களுக்குப் பயந்து, செத்த கதாநாயகியைப் பிழைக்கவைத்த தொடர்கதை ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இத்தனை சுலபமாக நடந்ததில்லை.

இதெல்லாம் நேற்றுப் பிறந்த வித்தை என்று எண்ணிவிடாதீர்கள். அறை அளவு பெரிய ஒரு யந்திரத்தைப் பல பேருக்குப் பங்குபோட, 1960களிலேயே ஐ.பி.எம். கம்பெனியின் கேம்பிரிட்ஜ் மையத்தில் இதைச் செய்தார்கள்; 1972ல் வி.எம்./370 என்று விற்பனைக்கே கொண்டுவந்தார்கள். மேஜைக் கம்ப்யூட்டருக்கு இதைக் கொண்டுவந்தது 1998ல் தொடங்கிய வி.எம்.வேர், அவர்களுடைய முதல் சரக்கு 1999ல் வந்தது. ஒரு பெரிய வீட்டைப் பல பேர் பங்கிட்டுக்கொள்ளத்தான் இந்த யுக்தி பிறந்தது. இடிந்துபோன வீட்டைத் திரும்ப எழுப்பவும் உதவும் என்று அவர்கள் அப்போது நினைத்தார்களோ என்னவோ, எனக்கு அதுதான் முக்கியம்.

எழுத்துரு அதே சி.டி.யில் இருந்தது. அதை நிறுவிவிட்டு, தனி ஃபைலாகக் கிடந்த 17ஆம் அத்தியாயத்தைத் திறந்தோம். அந்தக் கடையின் எழுத்து, அந்தக் கடையின் வரி இடைவெளி, ஓரத்தில் அவர் போடும் மெல்லிய கோடு. 1997க்குப் பிறகு நான் படிக்காத வாக்கியங்கள். கிணற்றைச் சுற்றி எட்டுக் குடித்தனமும் கூடி நிற்கிறது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் உள்ளே இறங்குகிறான். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கே சரியாக ஞாபகம் இல்லாமல், வாசகனைப் போல் படித்தேன். பேத்தி காப்பி கலக்க உள்ளே போய்விட்டாள்.

பேஜ்மேக்கரில் பக்கத்துக்கு வெளியே சுற்றிலும் வெற்றிடம் இருக்கும். கம்போஸ் செய்பவர் துண்டுகளைத் தாற்காலிகமாகப் போட்டுவைக்கும் மேஜை என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் அது வராது. பக்கத்தைச் சிறிதாக்கிப் பார்த்தபோது, அந்த மேஜையில் இரண்டு துண்டுகள் கிடந்தன. ஒன்று: ‘ரேழி – இப்போது யாருக்குத் தெரியும்? இருக்கட்டும்.’ இன்னொன்று: ‘சாரிடம் கேட்க. இறங்கினவனுக்குப் பேர் இல்லையே?’

அவர் என்னைக் கேட்கவில்லை. அந்த அத்தியாயமே வேண்டாம் என்று ஆனபின் கேட்பதற்கு என்ன இருக்கிறது? பெயர் இல்லாததற்குக் காரணம் உண்டு. எட்டுக் குடித்தனமும் அவன் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்கிறது, ஒருவரும் அவன் பெயரைக் கேட்பதில்லை. 18ஆம் அத்தியாயத்தின் கடைசி வரி அதன்மேல்தான் நிற்கிறது. அவரிடம் இதை வாதாடிச் சொல்லியிருப்பேன். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “இருந்தாலும் சார்…” என்று ஆரம்பித்திருப்பார். பதில் என்னிடம் இருக்கிறது. கேள்வி கேட்டவர் இல்லை.

இதனால்தான் நான் பேத்தியோடு ஒரு விஷயத்தில் சண்டை போட்டேன். எழுத்தை யூனிகோடாக மாற்றியபின் எக்ஸ்.பி.யை அழித்துவிடலாம், இடம் மிச்சம் என்றாள். மாற்றுவது நடந்தது, வாஸ்தவம். பழைய எழுத்துருவில் ‘கொ’ என்றால் கொம்பு முதலில், ககரம் பிறகு, கால் கடைசியில். யூனிகோடில் ககரம்தான் முதல். அதற்கென்று இருக்கும் மென்பொருள் இதையெல்லாம் முறையாக இடம் மாற்றிக் கொடுத்தது. ஆனால் நடுநடுவே நான் எழுதியிருந்த இங்கிலீஷ் வார்த்தைகளையும் அது தமிழென்று நம்பி மாற்றிவிட்டது. வக்கீல் குமாஸ்தா பேசும் ஒரு வசனம் பைசாச பாஷையாக நின்றது. எது சரி என்று பார்க்க மூலப் பக்கம் வேண்டியிருந்தது. மேஜைமேல் கிடந்த அந்த இரண்டு துண்டுகளோ, அத்தியாயத்தை மட்டும் வெளியே எடுத்தபோது கூடவே வரவில்லை. வீட்டைக் காலி செய்து சாமானை லாரியில் ஏற்றலாம். சுவரில் யாரோ பென்சிலால் போட்ட பால் கணக்கை எந்த லாரியில் ஏற்றுவது?

“சரி, வெச்சுக்கோங்கோ. ஆனா ஒழுங்கா வெச்சுக்கணும்” என்றாள். அதற்கும் முறை இருக்கிறது. ஸ்நாப்ஷாட் என்பது காப்புப் பிரதி ஆகாது. அது அடிப்படை வட்டின்மேல் சாய்ந்து நிற்பது. அடி போனால் எல்லாம் போகும். எடுத்துக்கொண்டே போனாலும் இடத்தைத் தின்றுவிடும். ஆகவே இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கலைத்தாள். எக்ஸ்.பி.யை முறையாக அணைத்துவிட்டு, வீடு முழுவதையும் ஒரே ஃபைலாகக் கட்டி ஏற்றுமதி செய்தாள். என் ஐம்பது வருஷத்து எழுத்துத் தொழிலின் ஒரு பகுதி, வாடகைக்காரன் வீடு வாசலோடு, கட்டைவிரல் அளவு டிரைவில் அடங்கிவிட்டது. அதற்கு இரண்டு பிரதி. ஒன்று என் பீரோவில். இன்னொன்று அடையாற்றில் அவள் வீட்டில். மூன்றாவது மாடி. மாடியை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு அத்தியாயங்களும் புதுப் பதிப்பாளரிடம் போய், புரூஃப் வந்துவிட்டது. இறங்கினவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ‘ரேழி’ இருக்கிறது.

இந்தச் செய்தி எப்படியோ தெருவில் பரவிவிட்டது. போன வாரம் தியாகராய நகரிலிருந்து ஒரு பெரியவர், பிஸ்கட் டப்பா நிறைய மூன்றரை அங்குல ஃப்ளாப்பிகளோடு வந்து உட்கார்ந்தார். அவருடைய தகப்பனார் சேகரித்து வைத்த கீர்த்தனைகளின் ஸ்வரக் குறிப்பு. டாஸ் காலத்து மென்பொருளில் அடித்தது. அந்த மென்பொருளின் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை. பேத்தி டப்பாவைத் திறந்து, ஒரு ஃப்ளாப்பியை எடுத்து, அதன் தகர மூடியை விரலால் நகர்த்தி உள்ளே பார்த்தாள். பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்தாளாம்.

“டாஸுக்கு 16 எம்.பி. கொடுத்தா ஏகம், தாத்தா. ஆனா இதைப் படிக்க டிரைவ் வேணுமே.”

வருகிற சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போகிறோம்.